முப்பத்தொரு மொட்டைத் தலைகள்

மலாக்கா தெங்கேராவில் நான் சமையல் வேலை பார்த்த வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று முறை சோற்றில் முடி கிடந்தது. மூன்று முறையும் பழி என்மேல்தான் விழுந்தது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தோட்டங்களிலிருந்து மலாக்காவுக்கு வந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஆறு மாணவர்களுக்கு வீட்டின் பின்பகுதியைத் தங்கக் கொடுத்திருந்தார். அவர்களுக்கு மூன்று வேளை பொங்கிப் போடுவது என் வேலை.

"தம்பி, உம்மட தலையில ஒரு துணியைக் கட்டும். பிள்ளையள் சோறு தின்ன வந்தவையோ, தலைமயிர் தின்ன வந்தவையோ?" என்றார்.

துணி கட்டினேன். நாலாவது முறையும் முடி கிடந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. போன வேலையில், மூவார் பக்கத்து மரப்பலகை ஆலையில், பேன் தொல்லைக்காகத் தலையை ஒட்ட வெட்டியிருந்தேன். என் தலையில் இருந்தது அரை விரற்கடைகூட இல்லை. சோற்றில் கிடந்ததோ விரல் நீளம். அன்று மதியம் பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போகாமல் கதவோரம் நின்று பார்த்தேன்.

மாணவர்களில் ஒருவனான கங்காணி மகன் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. இடது கை உச்சந்தலைக்குப் போனது. ஒரு முடியைத் தேடிப் பிடித்தது, சுண்டி இழுத்தது. அதைக் கண்ணெதிரே கொண்டுவந்து பார்த்தான். விட்டான். அது சோற்றில் விழுந்தது. கை மறுபடி மேலே போனது. தான் செய்வது அவனுக்கே தெரியவில்லை. தட்டில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை.

"டேய்," என்று எதிரில் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். "முக்கோணத்துக்கு மூணு பக்கம். உன் மண்டையில மட்டும் ஒரு வட்டம். சுற்றளவு எவ்வளவுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு லா!"

அப்போதுதான் கவனித்தேன். உச்சியில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்குத் தோல் தெரிந்தது.

அவனுக்குப் பதினெட்டு வயது. புக்கிட் பெருவாங்குக்கு அப்பால் ஏழெட்டு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் அவன் அப்பா கூலிகளை வேலை வாங்கும் கங்காணி. கூலிகள் குடியிருக்கும் அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து சீனியர் பரீட்சை வரைக்கும் வந்த முதல் ஆள் அவன்தான். கேள்வித்தாள் கப்பலில் சீமையிலிருந்து வரும், எழுதிய தாள் கப்பலிலேயே திரும்பிப் போகும், முடிவு மூன்று மாதம் கழித்து வரும். பாஸ் பண்ணினால் ஆபீசில் நாற்காலி. இல்லையென்றால் வயது ஏறிவிட்டதால் பள்ளிக்கூடம் இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளாது. இதை அவனுக்கு ஆளாளுக்கு நினைவுபடுத்தினார்கள், அவன் மறந்துவிடுவான் என்று பயந்ததுபோல.

படிப்பைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது, இங்கிலீஷ் பள்ளியில் இரண்டு வருஷம். பிறகு ஓடிவிட்டேன். ரப்பர் விலை விழுந்த காலத்தில் அப்பாவையும் அம்மாவையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நான் கப்பலுக்குப் போகவில்லை. லாரியில் கிளீனர், ஈயச் சுரங்கத்தில் மண் சுமை, ஆலையில் பலகை அடுக்கு, பிறகு இந்த அடுப்பு. சாப்பாடு கிடைத்தது, கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு சமையல்காரனுக்கு ஒன்று தெரியும். தட்டு எப்படித் திரும்பி வருகிறது என்பதை அவனைப்போல யாரும் பார்ப்பதில்லை. அவன் தட்டு செப்டம்பரில் பாதி திரும்பியது. அக்டோபரில் முக்கால். நவம்பரில் நான் வைத்தபடியே திரும்பியது.

விடியற்காலையில் அடுப்பு மூட்ட எழுந்து வந்தால் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பான். "தூங்கினியா?" என்றால், "படுத்திருந்தேண்ணே" என்பான். போன வருஷம் வகுப்பில் கணக்கில் முதலாவது வந்தவன், இப்போது போட்ட கணக்கையே நாலு தரம் போட்டு நாலு விடை எழுதினான். ஒரு நாள் வாத்தியார் கேள்வி கேட்க எழுந்து நின்றவனுக்குப் பதில் மட்டுமல்ல, கேள்வியே மறந்துபோனதாம். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வாந்தி வரும். வெறும் வயிற்றில் என்ன வரும்? மஞ்சளாகத் தண்ணீர்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உது பயம், தம்பி," என்றார், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாங்களும் சோதினை எழுதினனாங்கள்தானே. எங்களுக்கென்ன தலைமயிர் கொட்டினதோ? உமக்குப் படிப்பெண்டால் என்னவெண்டு விளங்காது."

அவருடைய தலை முழு வழுக்கை. அதை நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கங்காணி வருவார். ஆறடி உயரம், தலைப்பாகை, கையில் பிரம்பு. வெறுங்கையோடு வந்ததே இல்லை. ஒரு வாரம் வல்லாரைக் கீரை, ஒரு கட்டு. "அரைச்சு வெறும் வயித்துல குடு தம்பி, ஞாபகத்துக்கு நல்லது." அடுத்த வாரம் வாதாம் பருப்பு. அதற்கடுத்த வாரம் ஆட்டு மூளை, வாழை இலையில் சுற்றி, ஈ மொய்க்க. "மூளைக்கு மூளை." நான் அரைத்தேன், ஊறவைத்தேன், வறுத்தேன். எல்லாம் திரும்பி வந்தது. ஆட்டு மூளையை மற்ற ஐந்து பேரும் பங்கு போட்டுத் தின்றார்கள். அவர்களுடைய படிப்பிலும் ஒரு மாற்றத்தையும் நான் காணவில்லை.

"ஐயா, அவன் முடியைப் பிச்சுப் போடுறான். சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. கொஞ்ச நாள் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் வச்சிருங்க," என்றேன்.

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரீட்சைக்கு அஞ்சு வாரம் இருக்கு, இவன் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்கிறான். ஏம்பா, நீ ஓடினது பத்தாதா, என் மவனையும் ஓட வைக்கப் பாக்குறியா? அது மூளைச் சூடு. படிக்கிற பிள்ளைக்குச் சூடு ஏறத்தான் செய்யும்." அடுத்த வாரம் ஒரு போத்தல் விளக்கெண்ணெய் வந்தது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரே ஒரு புண் இருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் இரண்டு மகன்களும் பாஸ் பண்ணி ஆபீசுக்குப் போய்விட்டார்கள். கிராணி நாற்காலியில் உட்கார்ந்து பேர் கூப்பிட, கங்காணி வெயிலில் நின்று ஆள் காட்டுவார். இருபது வருஷம் அப்படி நின்றவர். அந்த நாற்காலியை மகன் தலைமேல் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

மகனே ஒரு நாள் காரணத்தைச் சொன்னான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினான்.

"அண்ணே, எங்க லயத்துல முப்பது பேர் எனக்காக மொட்டைக்கு வேண்டிக்கிட்டிருக்காங்க. நான் பாஸ் பண்ணா மாரியம்மன் கோயில்ல அடிப்பாங்களாம்."

"முப்பது பேரா?"

"அம்மாவோட முப்பத்தொண்ணு." விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். முதல் வீட்டில் புருஷனும் பெண்சாதியும், அடுத்த வீட்டில் இரண்டு அண்ணன் தம்பி, தண்ணிக் குழாய்க்குப் பக்கத்து வீட்டில் ஒரு கிழவர். வீடு வீடாகத் தெரிந்து வைத்திருந்தான். சூத்திரங்கள் மறந்துபோன மண்டையில் இது மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது. "கணக்குத் தாளை எடுத்தா அவங்க தலைதாண்ணே வரிசையா வருது."

அப்போது நான் சொன்னதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. "அவ்வளவு பேர் உனக்காக வேண்டியிருக்காங்க, அப்புறம் என்னடா பயம்?" என்றேன். அதோடு நிற்காமல் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தேன். தூங்காதவனுக்குக் கடுங்காப்பி. விளக்கெண்ணெய் கொண்டுவந்த கங்காணிக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அவன் காப்பியை வாங்கிக் குடித்தான். கை மேலே போனது. ஒரு முடி. இன்னொரு முடி.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் தோட்டத்து லாரி வந்து நின்றது. எதிரில் இருந்த சீனன் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். நானும் கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். லாரி நிறைய மொட்டைத் தலைகள். சந்தனம் பூசி, வெயிலில் பளபளவென்று, ஆணும் பெண்ணுமாக ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

கங்காணியும் மொட்டை. தலைப்பாகை இல்லாமல் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"என்ன இது கங்காணியார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "சோதினை நாளைக்கெல்லோ? முடிவு வர மாசி பங்குனி ஆகுமே. பிள்ளை பாஸ் பண்ணினாப் பிறகுதானே நேர்த்தி தீர்க்கிறது?"

"பூசாரியும் அதத்தான் சொன்னாரு," என்றார் கங்காணி, பெருமை தாங்காமல். "எனக்குத் தெரியாதா? இருபது வருசமா ஊர்லேர்ந்து ஆள் கட்டிக் கொண்டாறவன் நான். ஒருத்தனுக்கு முன்பணம் குடுத்துட்டா அவன் நம்ம ஆளு. வேல செஞ்சுதான் ஆகணும், ஓட முடியாது. ஆத்தாளுக்கும் முன்பணம் குடுத்தாச்சு. கைநீட்டி வாங்கிக்கிட்டா இல்ல? இனி அவ பொறுப்பு!"

கூட வந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அந்தப் பேச்சில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாரும் ஒரு காலத்தில் அவரிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறியவர்கள். ஓட முடியாமல் போனவர்கள். அது பலிக்கும் என்பதற்கு அவர்களே சாட்சி.

மகன் உள்ளேயிருந்து வந்தான். படியில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. எண்ணுகிறான் என்று எனக்குப் புரிந்தது. கடைசித் தலையில் கண் நின்றது. அவன் அம்மா. முழங்கால்வரை கூந்தல் என்று அவனே சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் முந்தானையால் தலையை மூடப் போய், பாதியில் விட்டுவிட்டுக் கூச்சத்தோடு சிரித்தாள்.

"ஏம்மா?" என்றான்.

"லேசா இருக்குப்பா," என்றாள்.

அவன் நேரே சாக்கடையோரம் போய்க் குந்தி வாந்தியெடுத்தான்.

"பித்தம் எறங்குது, நல்லது, நல்லது," என்றார் கூட்டத்தில் ஒருவர். முப்பத்தொரு பேருக்கும் நான் சோறு ஆக்கினேன். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பானை பற்றாமல் பக்கத்து மலாய்க்காரர் வீட்டில் கெஞ்சிப் பெரிய கவாலிச் சட்டி வாங்கிவந்தேன். சாப்பிட்டு, விபூதி பூசி, "எங்க மானத்தைக் காப்பாத்து ராசா" என்று ஆளுக்கொரு முறை சொல்லிவிட்டு லாரி ஏறிப் போனார்கள். ஒருத்தராவது "உனக்கு என்னப்பா செய்யுது?" என்று கேட்கவில்லை. நானும் பானை கழுவுவதில் இருந்தேன், கேட்கவில்லை.

மறுநாள் காலைத் தாளும் மதியத் தாளும் இருந்தன. பன்னிரண்டு மணிக்குச் சோறு கட்டிக்கொண்டு சைக்கிளில் பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மற்ற பையன்கள் நிழலில் நின்று விடைகளை ஒப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவனைக் காணோம். தேடிப்போனேன். கடலோரம் ஒரு வாதாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கடல் உள்வாங்கி வெறும் சேறாகக் கிடந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"எப்படி எழுதின?"

"பேரும் நம்பரும் எழுதினேண்ணே."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமே வரல. தாள் முழுக்க மொட்டைத் தலை. அம்மா தலையில ரெண்டு எடத்துல கத்தி பட்டிருந்தது, பாத்தீங்களா? நான் பெயிலாப் போனா அந்த முடிக்கெல்லாம் என்ன பதில் சொல்லுவேன்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. வெயில், பசி, நாலு மாதமாகத் திரும்பி வந்த தட்டுகள், எல்லாம் சேர்ந்துகொண்டது.

"மண்டையில இருக்கிறது முடிடா!" என்று கத்தினேன். "முடி! வெட்டினா வளரும். நீ பாஸானாலும் வளரும், பெயிலானாலும் வளரும். நீ செத்தாலும் அவங்க தலையில வளரும். உன் முடிவு சீமையிலேர்ந்து வர்றதுக்குள்ள அத்தனை பேரும் எண்ணெய் தடவிச் சீப்பு போட்டிருப்பாங்க. முடி என்ன, முடிவு போடுற கெஜட்டைப் பாத்துட்டா வளருது?"

அவன் என்னைப் பார்த்தான். வாய் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை, இருமலில் போய் முடிந்தது, பிறகு அழுகையும் வந்தது. நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். நாலு வாய் தின்றான். எண்ணினேன், நாலு. மணி அடித்ததும் எழுந்து போனான்.

மதியத் தாளை எழுதினான். மறுநாளும் எழுதினான், வாரம் முழுக்க எழுதினான். நன்றாக எழுதினானா என்று நான் கேட்கவில்லை. ஆனால் முதல் நாள் காலையில் வெறும் பேரோடு போன தாள் கப்பலேறிப் போய்விட்டது. அதைத் திருப்பி அழைக்க யாராலும் முடியாது.

முடிவுக்குக் காத்து அவன் இந்த வீட்டிலேயே தங்கியிருந்தான். பங்குனியில் முடிவு வந்தது. பெயில். மற்றத் தாள்களிலெல்லாம் தேறியிருந்தான். அந்த ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கங்காணியும் அம்மாவும் வந்தார்கள். கூடவே லயத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், தோட்டத்து அம்பட்டர். அம்பட்டர் தவிர மற்ற நாலு பேர் தலையிலும் முடி தேங்காய்நார் பிரஷ் மாதிரி முளைத்திருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தேத்தண்ணீர் கொண்டுபோனேன்.

நடந்தது விசாரணை. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றியல்ல, ஆத்தாள் ஏன் ஏமாற்றினாள் என்பதைப் பற்றி. அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். முப்பத்தொரு பேருக்கும் மொட்டை அடித்த அம்பட்டர் தன் நரைத்த தலையை மட்டும் விட்டுவிட்டார்.

"நீயும் பின்னாடி வேண்டிக்கிட்டவன்தானே?" என்று ஒரு பெரியவர் பாய்ந்தார். "முப்பத்திரண்டாவது தலை நீதான்! உன்னாலதான் கொறைஞ்சு போச்சு!"

"என் தலைய நானே எப்படிங்க வழிக்கிறது? யாராச்சும் கத்தியப் புடிச்சீங்களா?" என்றார் அவர், கண்ணில் தண்ணீரோடு.

"சரி, விடுங்க," என்று கங்காணி கையை உயர்த்தினார். "முன்பணம் பத்தல, அவ்வளவுதான். வெளியிலேர்ந்து தனியாப் பணம் கட்டி எழுதலாமாம், விசாரிச்சுட்டேன். இந்த வருசம் டிசம்பர்ல மறுபடி எழுதறான். தோட்டம் முழுக்க இப்பவே பால்குடம். எழுபது குடம்."

மகன் சுவரோரம் நின்றிருந்தான். கை உச்சந்தலைக்குப் போனது. பாதியில் நிறுத்தி இறக்கினான். அம்பட்டரிடம் போனான்.

"மாமா, பெட்டி கொண்டாந்திருக்கீங்களா?"

"அது இல்லாம எங்கப்பா போவேன்?"

"வாங்க."

கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தான். அம்பட்டர் கங்காணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். முடி இறங்க இறங்க உச்சியில் அந்த இடம் வெளியே வந்தது. வெள்ளிக்காசு இப்போது உள்ளங்கை ஆகியிருந்தது. சுற்றிலும் பச்சையாகத் தெரிந்த தலையில் அது மட்டும் வழவழவென்று வெளுத்து, ஆங்காங்கே சிறு சிறு ரத்தப் பொட்டுகள் காய்ந்து கிடந்தன.

அம்பட்டரின் கை நின்றுவிட்டது. அம்மா குனிந்து விரலை அதன்மேல் வைத்தாள்.

"இது என்னப்பா?"

"பிச்சுக்கிட்டேம்மா. ஒரு வருசமா."

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இதைத்தானே நான் அக்டோபரிலிருந்து வாய் வலிக்கச் சொன்னேன் என்று கத்தத் தோன்றியது எனக்கு.

"மொட்டை போட்டாச்சு," என்றான் அவன், அப்பாவைப் பார்க்காமல். "வேண்டுதல் இதோட தீர்ந்துச்சு. இனி எனக்காக யாரும் எதையும் குடுக்க வேணாம். மறுபடி எழுதணும்னு எனக்குத் தோணினா எழுதுவேன். யாருகிட்டயும் சொல்லாம எழுதுவேன்."

"அப்ப அந்தக் கிராணி மவனுங்க..." என்று கங்காணி ஆரம்பித்தார்.

"போதும்," என்றாள் அம்மா. அந்த அம்மாள் புருஷனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். விரலை மகன் தலையிலிருந்து அவள் எடுக்கவில்லை.

கங்காணி போய்க் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். இருபது வருஷம் வெயிலில் நின்றவர் அன்றைக்குத்தான் களைத்தவர்போல் தெரிந்தார்.

அவன் மறுபடி எழுதினானா என்பது எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே எனக்குக் கால் அரிக்க, கிள்ளான் பக்கம் போய்விட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸருக்கு உதவியாளாகச் சேர்ந்தான் என்று ஒரு லாரிக்காரர் சொன்னார். அவர் சொன்னது இவனைத்தானா என்பதும் நிச்சயமில்லை.

அவன் மொட்டை போட்ட அன்று மதியம் நடந்தது மட்டும் நிச்சயம். அம்பட்டர் என்னிடம் வந்து, "தம்பி, எனக்கும் வழிச்சு விட்டுடுப்பா, மனசு ஆறமாட்டேங்குது," என்று கத்தியை நீட்டினார். வெங்காயம் வெட்டிப் பழகிய கை. மூன்று இடத்தில் கீறினேன். அப்படியே கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிப்போய்ச் சோற்றை வடித்துப் போட்டேன். மகன் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு கை ரசஞ்சோறு கேட்டான். வீட்டுக்காரர் தன் தட்டிலிருந்து நரைத்த முடி ஒன்றை எடுத்தார். என்னைப் பார்த்தார். ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.